உப்பு தீனியா சார்?

இல்ல சார், நீங்களே ஜன்னலோரம் உக்காருங்க. எனக்கு வேண்டாம். மலை பாக்க வந்தவரு, கழுத்துல இவ்வளவு பெரிய கேமராவை மாட்டிக்கிட்டு உள்ளாற உக்காந்து என்னத்தைப் பாப்பீங்க? நகருங்க சார், கூச்சப்படாதீங்க. எனக்கு ஜன்னலோரம் உக்காந்தா தலை சுத்தும்.

மேலதான் போறேன், கல்லுமட்டத்துக்கு. சும்மா ஒரு வேலை. வண்டிக்கு பிரேக் சாமான் வாங்கணும். என்ன சார் சிரிக்கிறீங்க? சாமான் கடையெல்லாம் கீழதானே இருக்குன்னு கேக்கறீங்களா? மேலயும் ஒரு கடை இருக்குது. ஞாயித்துக்கிழமையும் திறந்திருப்பான்.

நான் ஜீப் ஓட்டுனவன் சார். இந்த ரோட்டுலதான். கெஸ்ட்டுங்களை ஏத்திக்கிட்டு நேஷனல் பார்க்கைச் சுத்திக் காட்டுறது, அதுதான் தொழில். சின்ன வயசுலருந்து வேற ஒண்ணும் தெரியாது. இப்ப கீழ தேங்கா லோடு வண்டி ஓட்டுறேன். பேரு பாக்கியநாதன். மேல ஜீப் ஸ்டாண்டுல போயி என் பேரைச் சொல்லித் தொலைச்சிடாதீங்க. சொன்னா சிரிப்பானுங்க. 'யாரு, வரையாட்டுக்கு வாக்கப்பட்டவனா?'ம்பானுங்க. பீர்முகமதுன்னு ஒருத்தன் இருக்கான், அவன்தான் அந்தப் பேரைக் கட்டி விட்டவன். நல்ல பயதான். ஆனா வாய் அப்புடி.

நீங்க எதைப் பாக்க வந்தீங்க? புலியா? எல்லாரும் புலின்னுதான் சார் வருவாங்க. புலி, இல்லாட்டி யானை. கடைசியில வரையாட்டைப் பாத்து போட்டோ எடுத்துக்கிட்டுத்தான் போவாங்க. அதுவும் லேசுப்பட்ட மிருகம் இல்ல சார். நாமெல்லாம் நிக்கவே முடியாத செங்குத்துப் பாறையில, காலு பதியற அளவு இடம் இருந்தாப் போதும், அங்க நின்னுக்கிட்டு அசை போடும். குட்டியும் பக்கத்துல நிக்கும். கீழ பாத்தா அதல பாதாளம். அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆபத்துன்னா விசிலடிக்கும், தெரியுமா உங்களுக்கு? நெசமாத்தான். மனுசன் விசிலடிக்கிற மாதிரியே இருக்கும்.

ஆனா அது அங்க மேல நிக்கிறதுதான் சிக்கல். பனி வேற மூடிக்கும். கெஸ்ட்டுங்க பாவம் சார். ராத்திரியெல்லாம் பயணம் பண்ணி, விடியக் காலையில எந்திரிச்சு, குழந்தைக்கு ஸ்வெட்டரைப் போட்டுக் கூட்டிக்கிட்டு வருவாங்க. ஜீப்ல குலுங்கிக் குலுங்கி எலும்பெல்லாம் நொந்து போயிருக்கும். ஒரு குரங்குகூட கண்ணுல படாம திரும்புனாங்கன்னா, எறங்கும்போது நம்மளை ஒரு பார்வை பாப்பாங்க. திருடனைப் பாக்கற பார்வை. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அந்தப் பார்வை எனக்குத் தாங்காது சார். மத்தவனுங்களுக்கு உறைக்காது, சிரிச்சுக்கிட்டே அடுத்த டிரிப்புக்கு ஆள் கூப்பிடுவானுங்க. நான் கொஞ்சம் மானஸ்தன்.

இப்ப ஒரு போர்டு போச்சே, பாத்தீங்களா? பச்சை போர்டு. 'வன விலங்குகளுக்கு உணவு அளிக்காதீர்.' நான் ஒரு நாளும் அதை மீறுனதில்லை. பீர்முகமது முறுக்கு போடுவான். இன்னொருத்தன் வாழைப்பழத்தை உரிச்சுக் கையில வச்சு நீட்டுவான் சார், மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக் குடுக்கற மாதிரி. என் ஜீப்ல அதெல்லாம் நடக்காது. பிஸ்கட் தூளு கீழ விழுந்தாக்கூட எறக்கி விட்டுருவேன்னு ஏறும்போதே சொல்லிருவேன். கெஸ்ட்டுங்க, 'இந்த டிரைவர் ரொம்ப நல்லவரு, இயற்கை மேல அக்கறை உள்ளவரு'ன்னு சொல்லிக் கையைக் குலுக்கிட்டுப் போவாங்க.

நான் போட்டது உப்பு. உப்பு தீனியா சார்? படிச்சவரு நீங்க, சொல்லுங்க. யாராச்சும் உப்பை அள்ளித் தின்னு வயிறு நெறைப்பாங்களா?

அதுவும் நானாக் கண்டுபிடிச்சதில்லை. ஒரு நாள் டயர் பஞ்சராகி, மாத்திட்டு, வேர்த்து ஒழுக மேல ஒரு வளைவுல ரோட்டோரச் சுவத்துல கையை ஊணிக்கிட்டு நின்னேன். நான் நகந்ததும் ஒரு பொட்டை ஆடு பாறையில இருந்து எறங்கி வந்து, நான் கை வச்ச எடத்தை நக்குச்சு. இடது காது கிழிஞ்ச ஆடு. என்னைப் பாத்துச்சு. மறுபடி நக்குச்சு. காட்டுல உப்பு கெடைக்கறது கஷ்டம் சார், அதுக்காக மண்ணைத் தேடிப் பாறையைத் தேடி அலையும். எனக்கு மனசு எளகிப் போச்சு. அதுவா வந்து கேட்டது. நான் குடுத்தேன். புண்ணியம்னுகூடச் சொல்லலாம்.

காலையில முதல் டிரிப்புக்கு முன்னாடி போவேன். தண்ணி பாட்டில்ல கல்லுப்பைக் கரைச்சுக் கொண்டு போயி அந்தச் சுவத்து மேல ஊத்திருவேன். காய்ஞ்சா ஒண்ணும் தெரியாது. போகும்போது ஹாரனைச் சின்னதா ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவேன். கொஞ்ச நாள்ல ஹாரன் சத்தம் கேட்டாலே பாறையில இருந்து தடதடன்னு எறங்கும். கூட்டமா வரும். கெஸ்ட்டுங்க வாயைப் பொளந்துருவாங்க. அந்தக் காது கிழிஞ்சது மட்டும் ஜீப்புக்குப் பக்கத்துலயே வந்து நிக்கும். பேரெல்லாம் நான் வைக்கலை சார், அந்த மாதிரி ஆளில்லை நான். 'சின்னவளே'ன்னு கூப்பிடுவேன், அவ்வளவுதான். கெஸ்ட் யாரும் இல்லாதப்ப கையிலயும் கொஞ்சம் வச்சுக் காட்டுவேன். நாக்கு சொரசொரன்னு இருக்கும், சூடா இருக்கும். அது ஒரு மாதிரி இருக்கும் சார். சொல்லத் தெரியலை.

அந்த சீசன்ல 'பாக்கியநாதன் ஜீப்ல போனா வரையாடு கேரண்டி'ன்னு பேரு ஆயிப்போச்சு. ஓட்டல்காரங்க என்னைத்தான் கூப்பிடுவாங்க. யாரும் என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கலை.

எங்க வீட்ல பேரு ஸ்டெல்லா. எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்தவ. பார்க்குல தற்காலிகக் காவலுக்கு உள்ளூர் ஆளுங்களை எடுத்தாங்க. அவளும் மனு போட்டா, கெடைச்சிருச்சு. காக்கிச் சட்டை, தொப்பி, ஒரு விசில், ஒரு கம்பு. கூடைக்கயிறு போட்டுப் போட்டு அவ நெத்தியில ஒரு தடம் இருக்கும். தொப்பி போட்டா அது மறைஞ்சிரும். முதல் நாள் கண்ணாடி முன்னாடி நின்னு தொப்பியை இப்படியும் அப்படியும் வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. அந்தச் சட்டைக்குத் தினமும் இஸ்திரி. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற சேலைக்குக்கூட அவ்வளவு பண்ணமாட்டா.

வேலை என்னன்னு கேளுங்க. அந்த வளைவுல நிக்கணும். அதே வளைவுதான் சார். வரையாடு ரோட்டுக்கு எறங்காம பாத்துக்கணும், எறங்குனா விசிலடிச்சு மேல ஏத்தணும். அதான் அவ வேலை.

நான் என்ன செய்ய? வளைவை நானா ஒதுக்குனேன்? ரேஞ்சர் அய்யா அங்க போட்டாரு. ஆடுங்க அங்கதான் ஜாஸ்தி எறங்குது, அங்க நல்ல ஆளாப் போடணும்னு போட்டாரு.

சாயங்காலம் வீட்டுக்கு வருவா, தொண்டை கட்டிப் போயிருக்கும். விசில் ஊதி ஊதி உதடு தடிச்சுப் போயிருக்கும். 'ஏங்க, என்ன பண்ணியும் அதுங்க அந்தச் சுவத்தை விட்டுப் போகமாட்டேங்குதுங்க. மேல ஏத்திட்டுத் திரும்பறதுக்குள்ள கீழ நிக்குதுங்க. வேற வளைவுல நிக்கிறவங்களுக்கெல்லாம் இந்தப் பாடு இல்லை. எனக்குத்தான் வேலை வரலை போலருக்கு'ன்னு சொல்லுவா. 'விடு ஸ்டெல்லா, மிருகத்துக்கு என்ன தெரியும்'பேன் நான். சும்மா சொல்லிட்டு உக்காந்திருக்கமாட்டேன் சார். நானே அடுப்பைப் பத்த வச்சு, நானே வெந்நி போட்டு, தொண்டைக்கு இதமாக் குடிக்கக் குடுப்பேன். எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்க?

அவளும் என்னை அப்புடித்தான் பாத்துக்கிட்டா. ஜீப் குலுக்கல்ல எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும். ஒரு பக்கம் திருப்ப முடியாது. அவ்வளவு அசதியிலயும் கல்லுப்பைச் சட்டியில வறுத்து, துணியில முடிஞ்சு, ஒத்தடம் குடுப்பா. அப்பத்தான் ஒரு நாள் ஜாடியைப் பாத்துட்டுக் கேட்டா, 'என்னங்க, உப்பு இவ்வளவு சீக்கிரம் தீருது?'ன்னு. 'மலைக்காத்து ஈரம், கரைஞ்சு போகும்'னேன். நம்பிட்டா. மறுநாள் பாக்கறேன், ஜாடி வாய்க்குத் துணியைக் கட்டி, அடுப்புக்கு மேல பலகையில தூக்கி வச்சிருக்கா. சூட்டுல ஈரம் பிடிக்காதுன்னு. அப்புறம் நான் ஸ்டூல் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு.

காது அடைக்குதா சார்? எச்சிலை முழுங்குங்க, சரியாயிரும். இன்னும் கொஞ்சம் மேல ஏறணும். அந்த வளைவு வரும்போது நானே சொல்றேன்.

குட்டி செத்தது மே மாசம்.

அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? வெளியூர் கார்க்காரன், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன். நடு வளைவுல நிறுத்திட்டு செல்ஃபி எடுத்து, பின்னாடி பாக்காம வண்டியைப் பின்னால எடுத்து ஏத்திட்டான். காது கிழிஞ்சதோட குட்டி சார் அது. பனிக்காலத்துல பொறந்தது. எங்க அம்மா மாதிரியே சுவத்தை நக்கப் பழகியிருந்துச்சு... எங்க அம்மா இல்ல சார், அதோட அம்மா. நாக்கு குழறுது. ஸ்டெல்லாதான் அதைக் கையில தூக்கி ஓரமா வச்சிருக்கா. தாய் ஆடு போகவே இல்லையாம். இவ விசிலை ஊத மனசு வராம வாயில வச்சுக்கிட்டே நின்னாளாம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டி ஊற வச்சுட்டு அழுதா. 'என் காவல்ல போயிருச்சுங்க'ன்னா. நான் கடைக்குப் போயி பரோட்டா வாங்கியாந்தேன். சாப்பிடலை. நான் மட்டும் சாப்பிட்டேன். வீணாப் போகக்கூடாதேன்னுதான்.

மறுநாள் நான் உப்பு போடலை சார். அதை நீங்க கணக்குல எடுத்துக்கணும். அன்னைக்கு முழுசும் போடலை. அதுக்கடுத்த நாள் ஒரு தம்பதி கைக்குழந்தையோட வந்துட்டாங்க. குழந்தைக்கு முதல் தடவை மிருகம் காட்டணும்னு அந்தப் பொண்ணு ஆசையாச் சொல்லுச்சு. எப்புடி முடியாதும்பீங்க?

மழை தொடங்குற சமயம் அது. யாரோ ஒரு கெஸ்ட்டு எடுத்த வீடியோ எல்லாரு போன்லயும் ஓடுச்சு. வரையாடுங்க வரிசையா நின்னு சுவத்தை நக்குது, பக்கத்துல காக்கிச் சட்டையோட ஸ்டெல்லா. அவ விரட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பா. வீடியோவுல பாத்தா ஆடு மேய்க்கிற மாதிரி இருந்துச்சு. பெரிய ஆபீஸ் வரைக்கும் போயிருச்சு. ரேஞ்சர் அய்யா மறுநாளே வந்துட்டாரு. ஜீப் டிரைவருங்க எல்லாரையும் அந்த வளைவுக்கு வரச் சொன்னாரு. சுவத்தோரமா வரிசையா நிக்க வச்சாரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி. விரலால சுவத்தைத் தேய்ச்சு நாக்குல வச்சுப் பாத்தாரு. 'உப்பு'ன்னாரு.

எங்க முன்னாடிதான் ஸ்டெல்லாவோட பையைத் தொறக்கச் சொன்னாரு. சோத்து டப்பா, தண்ணி பாட்டில், சின்னத் துணி முடிச்சு. முடிச்சை அவிழ்த்தாரு. உப்பு.

மழைக்காலத்துல மலையில உப்பு முடிச்சு இல்லாத பொம்பளை உண்டா சார்? அட்டைப்பூச்சி கால்ல ஏறுனா உப்பைத் தடவுனாத்தான் விழும். கொழுந்துக்காட்டுல வேலை பாத்த எவளைக் கேட்டாலும் இடுப்புல ஒரு முடிச்சு வச்சிருப்பா. ரேஞ்சர் அய்யா சமவெளிக்காரரு, புதுசு. 'அட்டைக்கு வச்சிருக்கேங்கய்யா'ன்னா அவ. 'மாட்டிக்கிட்டா எல்லாரும் ஒரு காரணம் சொல்லுவீங்க'ன்னாரு. 'ஆடு உன்னைச் சுத்தி நிக்கணும், வர்றவன் எல்லாம் உனக்கு டிப்ஸ் குடுக்கணும், அதானே? சட்டையைக் கழட்டி ஒப்படைச்சிட்டுப் போ'ன்னாரு.

அவ அழலை சார். என்னைப் பாத்தா. சந்தேகப்பட்டுப் பாக்கலை, அதை நீங்க புரிஞ்சுக்கணும். துணைக்குப் பாத்தா. 'என் வீட்டுக்காரரு அங்க நிக்கிறாருங்கய்யா. நான் எதுக்கு உப்பு வச்சிருக்கேன்னு அவரைக் கேளுங்க. அவரு பொய் சொல்லமாட்டாரு'ன்னா.

ரேஞ்சர் அய்யா என்கிட்ட வந்தாரு. 'ஆமாங்கய்யா, அட்டைக்குத்தாங்க'ன்னேன். கணீர்னு சொன்னேன். பொண்டாட்டியை விட்டுக் குடுக்கலை பாருங்க. 'அப்ப சுவத்துல உப்பு போட்டது யாரு?'ன்னாரு. 'அது தெரியலீங்களே'ன்னேன்.

பக்கத்துல பீர்முகமது தொண்டையைக் கனைச்சான். அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும் சார். ஒருத்தனும் வாயைத் திறக்கலை, தொழில்காரனைத் தொழில்காரன் காட்டிக் குடுக்கமாட்டான். ஸ்டெல்லா தொப்பியைக் கழட்டிட்டா. நெத்தித் தடம் தெரிஞ்சுது. சட்டை மேல் பொத்தானுக்குக் கை போச்சு. உள்ள பழைய ஜாக்கெட்தான் போட்டிருந்தா. அத்தனை ஆம்பளைங்க முன்னாடி.

நான் சொல்ல வாயெடுத்துட்டேன் சார். சத்தியமா. 'அய்யா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. மாதா மேல ஆணையாச் சொல்றேன். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

அதுக்குள்ள அது வந்திருச்சு.

மேல பாறையில இருந்து எறங்குச்சு. காது கிழிஞ்சது. அத்தனை பேரு நிக்கிறோம், எல்லாரும் ஒரே மாதிரி காக்கிச் சட்டைதான், டிரைவர் சட்டை. ஒவ்வொருத்தனாத் தாண்டிக்கிட்டு வந்துச்சு. பீர்முகமது முறுக்கு போட்டு வளத்தவன், அவனைக்கூட நின்னு பாக்கலை. நேரா என்கிட்ட வந்துச்சு. நான் கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டேன். சுத்திக்கிட்டுப் பின்னாடி வந்து, விரலை முட்டி முட்டிப் பிரிச்சு, உள்ளங்கையை நக்குச்சு.

நாக்குச் சத்தம் மட்டும் கேட்டுச்சு சார்.

ஸ்டெல்லா அதைப் பாத்தா, என்னைப் பாத்தா. கழட்டப் போன பொத்தானைத் திரும்பப் போட்டா. தொப்பியை வச்சா. விசிலை வாயில வச்சு ஊதுனா. காவலுக்குப் போட்ட ஆளு இல்லையா, ஆடு ரோட்டுல நின்னா ஊதணும். அது போகலை. கம்பை ஓங்கிக்கிட்டு வந்தா. அது பயந்து என் பின்னாடி ஒளிஞ்சுக்குச்சு. அவ இந்தப் பக்கம் வந்தா அது அந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம் வந்தா இந்தப் பக்கம். நடுவுல நான், கம்பம் மாதிரி நிக்கிறேன். பீர்முகமதுதான் முதல்ல சிரிச்சான். அப்புறம் எல்லாரும். ரேஞ்சர் அய்யாகூட வாயைத் துடைக்கிற மாதிரி கையை வச்சுக்கிட்டாரு.

அவ மட்டும் சிரிக்கலை. ஊதிக்கிட்டே இருந்தா. கண்ணுல தண்ணி ஓடுது, விசில் நிக்கலை.

துரோகம் இல்லையா சார் அது? எத்தனை நாள் கையால ஊட்டுனேன்... ஊட்டலை, நக்கக் குடுத்தேன். கொஞ்சம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன், அத்தனை பேரு முன்னாடி மானத்தோட நின்னிருப்பேன். அதுக்கு அவ்வளவு என்ன அவசரம்?

ஜீப் பெர்மிட் ரத்தாயிருச்சு. அது போகட்டும். அவளை வேற எடத்துக்கு மாத்திடறேன்னு ரேஞ்சர் அய்யா தன்மையாத்தான் சொன்னாரு. 'வேண்டாங்கய்யா, நான் இங்கயே நிக்கிறேன். இதுங்களைத் திரும்ப மேல பழக்கி விடணும்'னுட்டா. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்தா. ஸ்டூலைப் போட்டு ஏறி, உப்பு ஜாடியை எறக்குனா. வாயில கட்டுன துணியை அவிழ்த்து மடிச்சா. ஜாடியை என் முன்னாடி வச்சா. துணிமணியை எடுத்துக்கிட்டு எஸ்டேட்டுல அவங்க அண்ணன் இருக்கிற லைன் வீட்டுக்குப் போயிட்டா. ஒரு வார்த்தை பேசலை சார். திட்டலை. ஏன்னு கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை நான் பேசியிருப்பேன், என் பக்கமும் நியாயம் இருக்குல்ல?

ஜாடி என்கிட்டதான் இருக்கு, கீழ ரூம்ல. அதுல இருந்து நான் எடுக்கறதில்லை. ஓட்டல்லயே சாப்பிட்டுக்கறேன்.

சார், அந்தப் பாறை தெரியுது பாருங்க, கறுப்பா ஈரமா. அடுத்த வளைவுதான். நான் கொஞ்சம் குனிஞ்சுக்கறேன். தலை சுத்துது. இந்தத் துண்டைத் தலையில போட்டுக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. என்ன, பஸ் நிக்குது? முன்னாடி காருங்களா? கெஸ்ட்டுங்க எறங்கி நிக்கிறாங்களா? சரி. சரி.

சார், ஒரு உதவி. காக்கிச் சட்டையோட ஒரு பொம்பளை நிக்குதா? தொப்பி போட்டுக்கிட்டு? நிக்குதா. இளைச்சிருக்கா? ஆமா, உங்களுக்கு எப்புடித் தெரியும், முன்னப் பின்ன பாத்திருந்தாத்தானே. கையைப் பாருங்க. துணி சுத்தியிருக்கா? போன வாரம் ஒரு டீச்சரம்மா இந்த சீட்டுல உக்காந்து வந்தாங்க. ரெண்டு கையிலயும் துணி சுத்தியிருக்குன்னு சொன்னாங்க. அந்தச் சுவத்தைத் தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறாளாம், கை வெடிச்சுப் போச்சாம். பீர்முகமது சொன்னான். இப்ப துணி இல்லையா? நல்லது சார். ரொம்ப நல்லது.

ஆடு இருக்கா? ஒண்ணே ஒண்ணா? இடது காதைப் பாருங்க. கிழிஞ்சிருக்கா? அதுதான். சுவத்துக்கிட்ட போகுதா? போகலையா? பாத்தீங்களா, மறந்திருச்சு. அவ மறக்க வச்சுட்டா. மத்ததெல்லாம் மேல ஏறிருச்சு, இதுவும் போயிரும். கெட்டிக்காரி சார் அவ.

என்னது? பஸ்ஸைப் பாக்குதா? பஸ்ஸுக்கெல்லாம் வராது சார், டீசல் வாடை ஆகாது அதுக்கு. எறங்குதா? இந்தப் பக்கமா? ஜன்னலைச் சாத்துங்க சார். சாத்துங்க, போட்டோ அப்புறம் எடுக்கலாம். தகரத்துல ஏதோ உரசுது. அதுதானா? என் காலுக்கு நேரா உரசுது.

விசில் கேக்குது. அவதான். விரட்டட்டும். நல்லா விரட்டட்டும்.

ஏன் சார் நிறுத்திட்டா? விசிலை ஏன் நிறுத்திட்டா? பஸ்ஸைப் பாக்குறாளா? வர்றாளா? கண்ணாடியை எறக்காதீங்க சார், கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க, யாருன்னே தெரியாதுன்னு...

எறக்கிட்டீங்களா.

பஸ் கிளம்பிருச்சா? வளைவு தாண்டிருச்சா?

வேண்டாம் சார், திருப்பிச் சொல்லாதீங்க. எனக்கே கேட்டுச்சு. 'பக்கத்துல குனிஞ்சிருக்கறவரை நிமிர்ந்து உக்காரச் சொல்லுங்க சார், அவருக்குக் கழுத்து பிடிச்சுக்கும்.' அவ்வளவுதானே சொன்னா? கோவமாச் சொன்னாளா? சாதாரணமாத்தான் சொன்னா. வழியில போற யாரோ ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி, தன்மையா.

வெக்கமா இருக்கு சார். அன்னைக்கு அத்தனை பேரு சிரிச்சப்பக்கூட இவ்வளவு இல்லை.

இல்ல சார், எடுக்காதீங்க, துண்டு அப்படியே இருக்கட்டும். பிரேக் சாமானும் இல்லை, ஒண்ணும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வந்தா மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் இப்புடியே குனிஞ்சு இருக்கேன்.